மால்டாக்காரர் 'நல்ல' குடியேறி, அரபுக்காரர் 'பிரச்னை'யா? ஆஸ்திரேலியாவின் 100 ஆண்டு வரலாறு சொல்லும் வேறு கதை

2025 ஆகஸ்ட் 31. சிட்னி, மெல்போர்ன் உள்ளிட்ட ஆஸ்திரேலிய நகரங்களில் குடியேற்றத்துக்கு எதிராகப் பேரணிகள் நடந்தன. அதற்காகச் சுற்றுக்கு விடப்பட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று இந்தியர்களைக் குறிவைத்தது. கிரேக்கர்களும் இத்தாலியர்களும் 100 ஆண்டுகளில் வந்ததைவிட அதிகமான இந்தியர்கள் வெறும் 5 ஆண்டுகளில் வந்துவிட்டார்களாம். இதுதான் அதன் சாரம். அரசு அந்தப் பேரணிகளைக் கண்டித்தது.

அந்த ஒரு வரிக்குள்ளே ஒரு பழைய வாதம் ஒளிந்திருக்கிறது. "முன்னாடி வந்தவங்க நல்லவங்க. உழைச்சாங்க, வீடு கட்டினாங்க, எங்களோட கலந்துட்டாங்க. இப்ப வர்றவங்க அப்படி இல்லை." எந்த நாட்டில் குடியேற்றம் பற்றிப் பேச்சு எழுந்தாலும் இந்த ஒப்பீடு வந்து நின்றுவிடும்.

இந்த வாதம் உண்மையா என்று சோதிக்க ஆஸ்திரேலியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மால்டா தீவிலிருந்து வந்தவர்கள். இன்னொரு பக்கம் லெபனான் முதலான அரபு நாடுகளிலிருந்து வந்தவர்கள். மொழியில் இருவரும் நெருங்கிய உறவு. ஆனால் ஒருவருக்கு 'அமைதியான உழைப்பாளி' என்று பெயர். இன்னொருவருக்கு 'ஒட்டாத சமூகம்' என்று பெயர்.

ஏன் இப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த மால்டா மக்கள்?

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டி நாடு மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். நம்ம சென்னை மாநகராட்சி இதைவிடப் பெரியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்து, 1964ல் சுதந்திரம் பெற்றது.

பெரும்பாலான மக்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் மொழி? அதுதான் சுவாரஸ்யம். மால்டீஸ் மொழி, ஒரு காலத்தில் சிசிலியில் பேசப்பட்ட அரபியிலிருந்து பிறந்தது. அரபியில் ரொட்டிக்கு 'குப்ஸ்', மால்டீஸில் 'ஹொப்ஸ்'. ஒன்று, இரண்டு, மூன்று என்பதை அரபியில் 'வாஹித், இத்னான், தலாத்தா' என்பார்கள். மால்டீஸில் 'வீஹெட், த்னெய்ன், த்லீத்தா'. கத்தோலிக்கரான மால்டாக்காரர் தேவாலயத்தில் கடவுளை அழைப்பதும் 'அல்லா' என்றுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரன்டான்'. ரமலானிலிருந்து வந்த சொல்.

பிறகு இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்தன. எழுதுவது லத்தீன் எழுத்தில். ஆனாலும் அடித்தளம் அரபிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளில் செமித்திய குடும்பத்தைச் சேர்ந்த ஒரே மொழி இதுதான்.

'அரபு மக்கள்' என்று யாரைச் சொல்கிறோம்?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 'அரபு சமூகம்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது ஒரே கூட்டம் கிடையாது. லெபனான், எகிப்து, இராக், சிரியா, சூடான் என்று பல நாடுகள். முஸ்லிம்கள் மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. மரோனைட் கத்தோலிக்கர்கள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் என்று பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது லெபனான் மக்களைப் பற்றி. ஆஸ்திரேலியாவில் மிக நீண்ட வரலாறு கொண்ட அரபு சமூகம் அவர்களுடையது. 'பிரச்னை' என்ற முத்திரை அதிகம் குத்தப்பட்டதும் அவர்கள் மீதுதான்.

எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி:

- லெபனானில் பிறந்தவர்கள் சுமார் 87,000 பேர். லெபனான் வம்சாவளி என்று பதிவு செய்தவர்கள் சுமார் 2.48 லட்சம்.
- மால்டாவில் பிறந்தவர்கள் சுமார் 35,000 பேர். மால்டா வம்சாவளியினர் சுமார் 1.99 லட்சம்.
- வீட்டில் அரபி பேசுபவர்கள் சுமார் 3.67 லட்சம். ஆங்கிலம் தவிர்த்து வீடுகளில் அதிகம் பேசப்படும் மொழிகளில் மாண்டரினுக்கு அடுத்த இடம் அரபிக்குத்தான்.

மால்டா எண்ணிக்கையை இன்னொரு முறை பாருங்கள். வம்சாவளியினர் ஏறக்குறைய 2 லட்சம், ஆனால் மால்டாவில் பிறந்தவர்கள் 35,000 மட்டுமே. அதாவது, வந்தவர்களின் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஓய்வு வயதைக் கடந்தவர்கள். புதிதாக வருபவர்கள் மிகக் குறைவு. அரபு சமூகம் அப்படி இல்லை. போர் நடக்கும் நாடுகளிலிருந்து இன்னமும் புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஒப்பிடும்போது பலர் கவனிக்காமல் விடும் முதல் விஷயம் இது. 60, 70 ஆண்டுகளுக்கு முன் வந்து செட்டில் ஆன குடும்பத்தையும், போரிலிருந்து தப்பி சில ஆண்டுகளுக்கு முன் வந்த குடும்பத்தையும் ஒரே தராசில் வைத்தால் யார் பக்கம் தாழும் என்று சொல்லத் தேவையில்லை.

மால்டாக்காரர்களுக்கு எப்பவுமே வரவேற்பு இருந்ததா?

இல்லவே இல்லை. 1916ல் நடந்ததைக் கேளுங்கள்.

முதல் உலகப் போர் நேரம். 'கான்ஜ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் 214 மால்டா ஆண்கள் வேலை தேடி ஆஸ்திரேலியா வந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். கலிப்போலிப் போரில் காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களுக்கு மால்டா மருத்துவமனைகள் சிகிச்சை அளித்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஆனால் அதே அக்டோபர் மாதம் ஆஸ்திரேலியாவில் கட்டாய ராணுவச் சேவை குறித்துப் பொது வாக்கெடுப்பு நடக்கவிருந்தது. "நம்ம ஆட்களைப் போருக்கு அனுப்பிட்டு, குறைஞ்ச கூலிக்கு வெளியாட்களைக் கொண்டுவர்றாங்க" என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. பிரதமர் பில்லி ஹியூஸுக்கு நெருக்கடி.

அரசு என்ன செய்தது தெரியுமா? மால்டாக்காரர்களுக்கு டச்சு மொழியில் சொல்வதெழுதல் தேர்வு வைத்தது. ஆமாம், டச்சு! 1901ஆம் ஆண்டு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதிகாரி விரும்பும் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் தேர்வு வைக்கலாம். வேண்டாதவர்களை வெளியேற்றவே உருவாக்கப்பட்ட உத்தி அது. 214 பேரும் 'ஃபெயில்'. நியூ கலிடோனியாவின் நூமியா துறைமுகத்துக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பல மாத இழுபறிக்குப் பிறகு 1917ல்தான் அவர்களால் ஆஸ்திரேலிய மண்ணில் கால்வைக்க முடிந்தது.

இன்று 'முன்மாதிரி' என்று காட்டப்படும் சமூகம், அன்று 'கூலியைக் கெடுக்க வந்தவர்கள்', 'வெள்ளையர் அல்லாதவர்கள்' என்று விரட்டப்பட்டது.

அதே காலகட்டத்தில் லெபனான்காரர்கள் என்ன ஆனார்கள்? 1880களிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். அப்போது லெபனான் ஓட்டோமான் பேரரசின் பகுதி. அதனால் ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கு 'சிரியர்கள்' என்று பெயர். சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் துணி, நூல், பட்டன் மொத்தக் கடைகள். அங்கே சரக்கெடுத்து, தலைச்சுமையாகவும் வண்டியிலும் கிராமம் கிராமமாகப் போய் விற்றார்கள். பிறகு அதே சிற்றூர்களில் ஜவுளிக்கடை போட்டார்கள்.

அந்த முதல் அலையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே போனார்கள்? விக்டோரியா மாநில முதல்வராக 1999 முதல் 2007 வரை இருந்த ஸ்டீவ் பிராக்ஸ், நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக 2001 முதல் 2014 வரை இருந்த மேரி பஷீர், நாடாளுமன்ற உறுப்பினர் பாப் காட்டர். எல்லோருமே லெபனான் வம்சாவளியினர். ஆக, 'லெபனான்காரர்கள் கலக்க மாட்டார்கள்' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

1948: மால்டாவுக்குத் திறந்த கதவு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் பற்றாக்குறை. 'மக்களைப் பெருக்கு, இல்லையேல் அழிவு' என்ற முழக்கத்தோடு குடியேற்றத் துறை அமைச்சர் ஆர்தர் கால்வெல் ஆட்களைத் தேடினார். மறுபக்கம் மால்டாவில் குண்டுவீச்சில் நொறுங்கிய நகரங்கள். பிரிட்டிஷ் கப்பல் தளத்தை நம்பியிருந்த பொருளாதாரம். வேலையில்லாத் திண்டாட்டம்.

1948ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. பயணச் செலவில் அரசின் பங்கு இருக்கும். 3 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த தீவிலிருந்து அடுத்த சில பத்தாண்டுகளில் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் போனது ஆஸ்திரேலியாவுக்கு.

படிப்பு குறைவுதான். பலருக்குக் கையில் பெரிய தொழிலும் இல்லை. ஆனால் அவர்கள் இறங்கியது எந்தக் காலத்தில் என்பதுதான் முக்கியம். 1950களிலும் 60களிலும் ஆஸ்திரேலியாவில் வேலையின்மை பெரும்பாலும் 2 சதவிகிதத்தை ஒட்டியே இருந்தது. மெல்போர்னின் மேற்குப் புறநகரான சன்ஷைனில் தொழிற்சாலைகள். சிட்னியின் மேற்கே கிரேஸ்டேன்ஸ், பெண்டில் ஹில் பகுதிகளில் காய்கறித் தோட்டங்கள், கோழிப்பண்ணைகள். குயின்ஸ்லாந்தின் மக்கேயில் கரும்புத் தோட்டங்கள். ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் ஆலை வாசலில் போய் நின்றால் வேலை.

அதுவும் தொழிற்சங்கம் பேசி வாங்கிய சம்பளம். நகர ஓரத்தில் மனை விலை மலிவு. அண்ணன், தம்பி, மச்சான் எல்லாரும் சேர்ந்து வார இறுதியில் வீடு கட்டினார்கள். மால்டா குடும்பங்களில் சொந்த வீடு வைத்திருப்போர் விகிதம் அதிகமாக இருப்பதற்கு அடித்தளம் இதுதான்.

1976: லெபனானுக்குத் திறந்த கதவு

1975ல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை 15 ஆண்டுகள் நீடித்தது. 1976ல் பிரதமர் மால்கம் ஃப்ரேசரின் அரசு, ஆஸ்திரேலியாவில் உறவினர் உள்ள லெபனான் மக்களுக்கு விதிமுறைகளைத் தளர்த்தியது. 'லெபனான் சலுகை' என்று அழைக்கப்பட்ட ஏற்பாடு இது.

தப்பி வந்தவர்களில் வடக்கு லெபனானின் கிராமத்து ஏழைகள் கணிசம். முஸ்லிம்களும் முன்பைவிட அதிகம். ஆனால் முறைப்படி 'அகதி' என்ற அந்தஸ்து இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 'உறவினர் பார்த்துக்கொள்வார்' என்பதுதான் ஏற்பாடு. அந்த உறவினரே ஆலைத் தொழிலாளி. சிட்னியின் லக்கெம்பா, பேங்க்ஸ்டவுன், பஞ்ச்போல் பகுதிகளில் ஒரே வீட்டில் ரெண்டு மூணு குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன.

இப்போது அந்த நேரத்தின் பொருளாதாரத்தைப் பாருங்கள். 1973ல் ஆஸ்திரேலியா இறக்குமதி வரியை ஒரே வெட்டாக 25 சதவிகிதம் குறைத்தது. எண்ணெய் விலை நெருக்கடி வந்தது. ஜவுளி, காலணி, கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1983ல் நாட்டின் வேலையின்மை 10 சதவிகிதத்தைத் தொட்டது. 1992 இறுதியில் 11 சதவிகிதத்தைத் தாண்டியது. லெபனானில் பிறந்தவர்களிடையே இது தேசிய சராசரியைப் போலப் பல மடங்கு.

மால்டாக்காரர் ஏறிய அதே ஏணிதான். லெபனான்காரர் கால்வைக்கும்போது கீழ்ப்படிகள் உடைந்துபோயிருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வேலை கிடைக்காதவர்கள் சும்மா இருந்தார்களா? கடை போட்டார்கள். ரொட்டிக்கடை, பழக்கடை, கட்டட வேலை, கார் பழுது பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் சுயதொழில் விகிதம் அதிகமுள்ள சமூகங்களில் லெபனான் சமூகமும் ஒன்று. பெண்கள் பலர் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் துணி தைத்தார்கள். இந்த உழைப்பில் பெரும்பகுதி அரசுக் கணக்குகளில் வரவே இல்லை.

பெயரைப் பார்த்தே நிராகரிப்பா?

"காலம் மட்டும்தான் காரணமா? பாகுபாடு இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அலிசன் பூத், ஆண்ட்ரூ லீ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 4,000க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேனில் தொடக்க நிலை வேலைகளுக்கு அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு.

முடிவு என்ன? ஆங்கிலப் பெயர் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே எண்ணிக்கையிலான நேர்காணல் அழைப்புகளைப் பெற:

- இத்தாலியப் பெயர் உள்ளவர் 12 சதவிகிதம் அதிக விண்ணப்பங்கள் போட வேண்டும்.
- மத்தியக் கிழக்குப் பெயர் உள்ளவர் 64 சதவிகிதம் அதிகம் போட வேண்டும்.
- சீனப் பெயர் உள்ளவர் 68 சதவிகிதம் அதிகம் போட வேண்டும்.

இந்தச் சோதனையில் மால்டாப் பெயர்கள் இல்லை. ஆனால் தெற்கு ஐரோப்பியப் பெயருக்கும் அரபுப் பெயருக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்பது புரிகிறது இல்லையா? இத்தனைக்கும் இந்த விண்ணப்பதாரர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவிலேயே பள்ளி முடித்ததாகக் காட்டப்பட்டவர்கள். 'மொழி தெரியல, அனுபவம் இல்லை' என்ற சாக்குக்கே இடமில்லை.

மால்டா மக்களுக்கு இதில் இன்னொரு சாதகமும் இருந்தது. தேவாலயம் ஏற்கனவே அங்கே இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் இருந்தன. பிள்ளைக்கு ஜோசப் என்றோ மேரி என்றோ பெயர் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முஹம்மது என்றோ ஃபாத்திமா என்றோ பெயர் வைத்தவருக்கு அந்த வசதி இல்லை.

குற்றம், போலீஸ், குரோனுல்லா

2005 டிசம்பர் 11. சிட்னியின் குரோனுல்லா கடற்கரை. அதற்கு ஒரு வாரம் முன்பு அங்கே கடலோர உயிர்காப்பாளர்கள் தாக்கப்பட்டிருந்தார்கள். 'லெபனான்காரர்களை விரட்டுவோம்' என்று எஸ்எம்எஸ் பரவி சுமார் 5,000 பேர் கூடினார்கள். அரபு முகச்சாயலில் இருந்தவர்கள் எல்லாம் அடிக்கப்பட்டார்கள். அடுத்தடுத்த இரவுகளில் பதிலடியாக கார்கள் நொறுக்கப்பட்டன. பிரதமர் ஜான் ஹோவர்ட், நாட்டில் உள்ளூர இனவெறி இருக்கிறது என்பதை ஏற்க மறுத்தார்.

2006ல் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் ஒரு சிறப்புப் பிரிவை அமைத்தது. பெயர், 'மத்தியக் கிழக்கு ஒருங்கிணைந்த குற்றத் தடுப்புப் பிரிவு'. 2016ல் குடியேற்றத் துறை அமைச்சர் பீட்டர் டட்டன், லெபனான் முஸ்லிம்களை அனுமதித்தது ஃப்ரேசர் அரசு செய்த தவறு என்று பேசினார்.

குற்றச் செயல்களில் ஈடுபட்ட இளைஞர்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு. சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே பதில் சொல்ல வேண்டுமா?

இதற்கும் மால்டா வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அதே 1950களில் லண்டனில் 'மால்டாக்காரன்' என்றாலே சோஹோ பகுதியில் பாலியல் தொழில் தரகு செய்பவன் என்ற கெட்ட பெயர் இருந்தது. சில கும்பல்கள் செய்த வேலைக்குப் பத்திரிகைகள் ஒட்டுமொத்தச் சமூகத்தையும் குற்றம் சாட்டின. அதே தீவு, அதே மதம், அதே பத்தாண்டு. ஆஸ்திரேலியாவில் 'உழைப்பாளி', லண்டனில் 'குற்றவாளி'. அப்படியானால் இந்த முத்திரைகளுக்குக் காரணம் ரத்தமா, கலாசாரமா? இல்லை. எந்த ஊரில், எந்த வேலைச் சந்தையில், எந்தப் பத்திரிகைகளுக்கு மத்தியில் போய் இறங்கினார்கள் என்பதுதான்.

அடுத்த தலைமுறை: யார் எங்கே?

சொத்து என்று பார்த்தால் மால்டா சமூகம் நிலையாக இருக்கிறது. ஆனால் கல்வியில் ஒரு ஆச்சரியம். இரண்டாம் தலைமுறை மால்டா பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் போன விகிதம், கிரேக்கப் பிள்ளைகளைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. 'ஆலையில நல்ல சம்பளம் கிடைக்குது, படிப்பு எதுக்கு?' என்ற மனநிலை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆலைகள் மூடியபோது அதன் வலி தெரிந்தது. அதாவது, சீக்கிரம் கிடைத்த நல்ல வேலையே அடுத்த தலைமுறையை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தது.

அரபுச் சமூகத்தில் படம் ரெண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் டாக்டர்கள், வக்கீல்கள், தொழிலதிபர்கள். லெபனானில் பிறந்து மெல்போர்னில் வளர்ந்த ஜாக் நாசர், 1999ல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்துக்கே தலைமைச் செயல் அதிகாரி ஆனார். இன்னொரு பக்கம், புதிதாக வந்த இராக், சிரிய அகதிகள். சொந்த நாட்டில் இன்ஜினீயர், இங்கே டாக்ஸி டிரைவர் என்ற கதைகள். சராசரி என்ற ஒற்றை எண் இந்த ரெண்டையும் மறைத்துவிடும்.

விளையாட்டில் ரெண்டு பக்கமும் ஜொலித்தார்கள். மால்டா பெற்றோருக்குப் பிறந்த குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜெஃப் ஃபெனெக், லெபனானின் திரிபோலியில் பிறந்த ரக்பி நட்சத்திரம் ஹாசெம் எல் மஸ்ரி. இருவரையும் சிட்னி தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

'கலந்துவிட்டார்கள்' என்பதற்குக் கொடுத்த விலை

மால்டா மக்கள் ஒன்றும் இழக்காமல் 'நல்ல' பெயர் வாங்கவில்லை.

முதல் இழப்பு மொழி. 2016ல் மால்டா வம்சாவளியினர் 1.75 லட்சம் பேர். வீட்டில் மால்டீஸ் பேசியவர்கள் சுமார் 32,000 பேர்தான். ஐந்தில் ஒருவர்கூட இல்லை. இதன் விளைவு முதியோர் இல்லங்களில் தெரிகிறது. வயதாகி நினைவு மங்கும்போது பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்வது பலருக்கு நடக்கும். தாய்மொழி மட்டும் மிஞ்சும். பாட்டி மால்டீஸில் தண்ணீர் கேட்பார். பேரனுக்குப் புரியாது.

இரண்டாவது இழப்பு இன்னும் கொடுமை. 1950 முதல் 1965 வரை 310 மால்டா குழந்தைகள், பெற்றோர் இல்லாமல் தனியாக, ஆஸ்திரேலியாவின் விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நல்ல படிப்பு, நல்ல எதிர்காலம் என்று பெற்றோரிடம் சொன்னார்கள். அங்கே பல குழந்தைகளுக்குக் கிடைத்தது கடும் உடலுழைப்பும் கொடுமையும். 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட், இப்படிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தமும் ஒரு சொத்துதான்

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று. மால்டாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ரெண்டு நாட்டிலும் வாழ்ந்த, வேலை செய்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு ஓய்வூதியத் தகுதி பெற முடியும். பரஸ்பர மருத்துவ வசதிக்கும் ஏற்பாடு உண்டு. மால்டா 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால், இரட்டைக் குடியுரிமை உள்ள பேரப்பிள்ளைகள் ஐரோப்பா முழுவதும் வேலைக்குப் போகலாம்.

லெபனானுடன் அப்படிப்பட்ட ஓய்வூதிய ஒப்பந்தம் இல்லை. மாறாக, லெபனான் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவில் சம்பாதித்துச் சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. 2019ல் லெபனான் வங்கிகள் முடங்கி, பணத்தின் மதிப்பு சரிந்தபோது அந்தச் சுமை இன்னும் கூடியது. 2020 ஆகஸ்ட் 4 அன்று நடந்த பெய்ரூட் துறைமுக வெடிவிபத்து அதோடு சேர்ந்தது. ஒரே சம்பளம் வாங்கும் ரெண்டு பேரில் ஒருவர் வீட்டுக் கடனை அடைக்கிறார். இன்னொருவர் அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்புகிறார். பத்து வருஷம் கழித்து யாரிடம் சொத்து இருக்கும்?

இதில் தமிழர்களுக்கு என்ன?

சிட்னியின் பெண்டில் ஹில், ஒரு காலத்தில் மால்டா குடும்பங்கள் நிறைந்த பகுதி. இன்று அங்கேயும் பக்கத்தில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பகுதிகளிலும் தமிழ்ப் பலசரக்குக் கடைகளைப் பார்க்கலாம். 2021 கணக்குப்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் சுமார் 95,000 பேர்.

அந்தச் சமூகத்துக்குள்ளேயே இந்த ஒப்பீடு அப்படியே பொருந்துகிறது. ஐ.டி. வேலைக்கான திறன் விசாவில் சென்னையிலிருந்து விமானத்தில் இறங்கியவர் ஒருவர். ஈழத்துப் போரிலிருந்து தப்பி, படகில் போய், ஆண்டுக்கணக்கில் தற்காலிக விசாவில் காத்திருப்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே கோயில். ஆனால் வருமானம், வீடு, நிம்மதி எல்லாமே வேறு. 'கலாசாரம்தான் காரணம்' என்று சொல்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள்?

ஆக, என்ன புரிகிறது?

அடுத்த முறை யாராவது ரெண்டு குடியேறிச் சமூகங்களை ஒப்பிட்டு, 'இவங்க முன்னேறிட்டாங்க, அவங்க முன்னேறல' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நாலு கேள்வி கேளுங்கள்.

1. எந்த ஆண்டு வந்தார்கள்? அப்போது வேலை இருந்ததா?
2. எப்படி வந்தார்கள்? அரசு ஒப்பந்தத்திலா, போரிலிருந்து தப்பியா?
3. அவர்கள் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பம் எந்தப் பக்கம் போகிறது?
4. சொந்த ஊர் அவர்களைத் தாங்குகிறதா, அவர்கள் சொந்த ஊரைத் தாங்குகிறார்களா?

இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகும் ரெண்டு சமூகங்களுக்கு இடையே வித்தியாசம் மிச்சமிருந்தால், அப்போது கலாசாரம் பற்றிப் பேசலாம். 1916ல் டச்சு மொழித் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் இனம்தான் இன்று முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. இன்று 'இவர்கள் ஒட்ட மாட்டார்கள்' என்று சொல்லப்படுபவர்களின் பேரப்பிள்ளைகளைக் காட்டி, நாளை வேறு யாரையோ விரட்டாமல் இருந்தால் சரி.